வானிலே நிற்கும் கண்

ஆளில்லா விமானம் என்றவுடன் அது வீசும் குண்டே பலருக்கும் நினைவில் எழும். அதன் மெய்யான பலமோ அதன் கண்ணிலேயே உள்ளது. வேகத்திற் போர்விமானத்துக்கு அது நிகரன்று. ஆயினும் அமெரிக்கரின் 'ரீப்பர்' வகை விமானம் ஒரே ஊரின்மேல் ஒரு பகல் முழுவதும் வட்டமிட வல்லது. அதனைச் செலுத்துபவர் நெவாடாப் பாலைநிலத்தில் ஓர் அறையில் அமர்ந்து, ஆசியாவின் ஒரு தெருவிற் செல்லும் வண்டியைத் திரையிற் காணலாம். வேலை முடிந்ததும் வீடு சென்று பிள்ளைகளுடன் உணவருந்தலாம். பரணி பாடிய நம் புலவர்கள் இவ்வீரரைக் கண்டிருந்தால் யாது பாடியிருப்பாரோ!

செலுத்துபவர் உயிருக்கு ஆபத்தில்லை. நிதானமாகப் பார்த்துத் தீர்மானிக்க நேரமுண்டு. ஆகவே தவறு குறையும் என்பர் இதனை ஆதரிப்போர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிடல் இயலாது. ஆயினும், 2021 ஆகஸ்ட் 29 ஆம் நாள் ஆப்கானிஸ்தானின் தலைநகராகிய காபூலில் நிகழ்ந்ததை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

அதற்கு மூன்று நாள் முன்னர், காபூல் விமான நிலைய வாயிலில் வெடித்த தற்கொலைக் குண்டு 13 அமெரிக்கப் படையினரையும் நூற்றுக்கு மேற்பட்ட ஆப்கானியரையும் பலிகொண்டிருந்தது. அடுத்த தாக்குதலுக்கு வெள்ளை ரொயோட்டா கார் ஒன்று பயன்படலாம் என உளவுச் செய்தி கிடைத்தது. காபூலில் அத்தகைய கார்களுக்கா பஞ்சம்! அவற்றுள் ஒன்றனை ஏறக்குறைய எட்டு மணி நேரம் வானிலிருந்து பின்தொடர்ந்தனர். அதிற் சிலர் கலன்களை ஏற்றுவது தெரிந்தது. திரை காட்டியது கலன்களை மாத்திரமே; அவற்றை வெடிமருந்து ஆக்கியது மூன்று நாளைய அச்சம். மாலையிற் கார் ஒரு வீட்டு முற்றத்தை அடைந்தபோது ஏவுகணை பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். அவருள் எழுவர் சிறுவர்.

காரைச் செலுத்தியவர் அமெரிக்க உதவி நிறுவனமொன்றின் ஊழியர். கலன்களில் இருந்தது, வீட்டுக்குக் கொண்டு சென்ற தண்ணீர்.

நியாயமான தாக்குதல் என முதலிற் கூறிய படைத்தலைமை, செப்டெம்பர் 17 இல் அது பெருந்தவறு என ஒப்புக்கொண்டது. ஏவுகணை புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்னர் குழந்தை ஒன்று அங்கு நின்றதை, அதே விமானம் எடுத்த படத்தில் விசாரணையாளர் பின்னர் கண்டனர். கருவியின் கண்ணுக்குத் தப்பாதது மனிதர் கண்ணுக்குத் தப்பிற்று. எனினும் சட்டம் மீறப்படவில்லை என்பதே நவம்பரில் அவர்கள் வெளியிட்ட முடிவு. எவரையும் தண்டிப்பதில்லை என டிசெம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் அறிவித்தது.