ஏலத்தில் போன வீடும் வாடகை லைசென்ஸும்

அமெரிக்காவில் கடன் தவணை தவறிய வீடுகள் ஏலத்துக்கு வருவது புதிதன்று. எனினும் 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து, 2009-இல் மட்டும் சுமார் 28 லட்சம் வீடுகள் ஜப்தி நடவடிக்கைக்கு இலக்கானபோது, ஜனங்களின் அநுதாபமெல்லாம் வீட்டை இழந்த சொந்தக்காரரிடமே சென்றதேயன்றி, மாதந்தோறும் தவறாமல் வாடகை செலுத்தியும், அப்பணம் வங்கிக்குப் போய்ச் சேராத காரணத்தால் தெருவுக்கு வர நேர்ந்த குடித்தனக்காரரை நினைத்தவர் வெகு சிலரே.

குடித்தனக்காரரைக் காக்கும் பொருட்டு 2009 மே மாதத்தில் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. வீட்டை ஏலத்தில் எடுத்தவர், அது வங்கியே ஆனாலும், நாணயமான குடித்தனக்காரரை 90 நாள் முன்னறிவிப்பின்றி வெளியேற்றலாகாது. ஒப்பந்த காலம் மிச்சமிருந்தால், வாங்கியவர் தாமே குடிவந்தாலன்றி, அது முடியும்வரை இருக்கவிட வேண்டும். கடன்பட்டவருக்கும், அவருடைய வாழ்க்கைத் துணை, பெற்றோர், மக்கள் ஆகியோருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. 2014 இறுதியில் காலாவதியான இச்சட்டம் 2018-இல் நிரந்தரமாயிற்று.

வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது சரி. அங்கே இருக்கும் நாட்களுக்கு வாடகை கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் கேள்வி எழும்போதுதான் நகர நிர்வாகத்தின் லைசென்ஸ் விதிகள் குறுக்கிடுகின்றன. பிலடெல்பியா நகரத்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர் எவரும் அதற்கென லைசென்ஸ் பெற்றாக வேண்டும். நகருக்குச் செலுத்த வேண்டிய வரியில் பாக்கி இருக்கலாகாது. சொந்தக்காரர் வெளியூர்க்காரராயின் உள்ளூரில் ஒரு நிர்வாகியை நியமித்தாக வேண்டும். குடித்தனம் ஆரம்பிக்கும்போது, வீடு வசிக்கத் தக்கது என்னும் சான்றிதழையும் குடிவருபவர் கையில் கொடுத்தாக வேண்டும். லைசென்ஸ் பெறுவதிலோ சான்றிதழ் கொடுப்பதிலோ தவறியவர், தவறிய காலத்துக்கு வாடகை வசூலிக்கும் உரிமையை இழப்பதோடு, வாடகை ஒப்பந்தத்தின்பேரில் வீட்டை மீட்கும் உரிமையையும் இழக்கிறார். லைசென்ஸ் வீட்டுக்காரர் பெயரில் வழங்கப்படுவதாகையால், ஏலம் முடிந்து வீடு கைமாறியதும், புதிய சொந்தக்காரரான வங்கி தன் பெயரில் அதைப் புதிதாகப் பெற வேண்டியதாகிறது. எங்கோ ஒரு தூரத்து நகரில் தலைமைக் காரியாலயத்தை வைத்துக்கொண்டு, இந்தத் தெருவின் பெயரையே கேள்விப்பட்டிராத வங்கிகள் இதில் சிரத்தை காட்டுவது அபூர்வம் என்று நினைக்கிறேன். வாடகை கேட்டுக் கடிதம் எழுதுவதில் மட்டும் அவை தாமதிப்பதில்லை.

இதைக் கண்டு, வங்கி லைசென்ஸ் பெறும்வரை இலவசமாகக் குடியிருக்கலாம் என்று குடித்தனக்காரர் ஒருவர் மகிழ்ந்தால் அது அவசரமாகும். 90 நாளும், மிச்சமிருந்தால் ஒப்பந்த காலமும் கழிந்தபின், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டாமல், ஏலத்தில் பெற்ற சொத்துரிமை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு வங்கி நியாயஸ்தலத்துக்குப் போகலாம். அதற்கு முன்பே அவர் லைசென்ஸ் இல்லை என்று நகர உத்தியோகஸ்தரிடம் புகார் செய்து, வந்து பார்த்த உத்தியோகஸ்தர் கட்டிடம் வசிக்கத் தகுதியற்றது என்று முடிவு செய்துவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டியவர் வங்கியின் அதிகாரி அல்லர், புகார் செய்த குடித்தனக்காரரே. லைசென்ஸ் விதி என்னும் ஆயுதம் இப்படி இருபுறமும் கூர்மையானது. ஆகையால் புகாருக்கு முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதும், கேட்கப்பட்ட வாடகையைச் செலவழித்துவிடாமல் தனிக் கணக்கில் போட்டு வைப்பதும் விவேகம்.

இதனினும் விசித்திரமானது, ஃபேனி மே என்னும் கடன் நிறுவனம் 2009 நவம்பரில் அறிவித்த ஏற்பாடு. கடனைத் தீர்க்க இயலாதவர், ஜப்திவரை போகாமல் பத்திரத்தை நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, ஓராண்டு வரை அதே வீட்டில் சந்தை வாடகைக்குக் குடியிருக்கலாம் என்றது அது. நேற்றுவரை தம் சொந்த வீட்டில் வசித்ததால் எந்த லைசென்ஸும் வேண்டாதிருந்த குடும்பம், இன்று அதே சமையலறையில் அதே அடுப்பைப் பற்றவைக்கும்போது, லைசென்ஸ் விதியுள்ள ஊராயின், அவ்வீடு லைசென்ஸ் தேவைப்படும் வாடகை வீடாகிவிடுகிறது!

பால்டிமோர் நகரத்திலும், 2019 முதல், தனி வீடுகளை வாடகைக்கு விடுவோருக்கும் லைசென்ஸ் கட்டாயமாயிற்று. ஜப்தியோடு சம்பந்தமில்லாத ஒரு பால்டிமோர் வழக்கில், மேரிலாந்தின் மிக உயர்ந்த நியாயஸ்தலம் 2022-இல் இருபக்கமும் கேட்டுத் தீர்ப்புரைத்தது: லைசென்ஸ் இல்லாத காலத்து வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரர் வழக்குத் தொடுக்க முடியாது, ஆனால் அக்காலத்துக்குத் தாமாகவே மனமுவந்து வாடகை கொடுத்துவிட்ட குடித்தனக்காரர், லைசென்ஸ் இல்லாமையைத் தவிர வேறு நஷ்டம் எதையும் காட்ட இயலாவிடில், கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறவும் முடியாது.