தீவன மூட்டைக்குள் போன கடைசி மருந்து

சென்ற வாரம் கார்பபெனெம் வகை மருந்துகளோடு நிறுத்தியிருந்தோம். மற்ற ஆன்டிபயாடிக்குகள் கைவிட்ட நோயாளிக்கு ஐ.சி.யூ.வில் ஏற்றப்படுபவை அவை. அவற்றையும் சிதைத்துவிடும் என்.டி.எம்.-1 என்ற நொதியோடு பாக்டீரியாக்கள் சென்னை, ஹரியானா, பிரிட்டன் என்று பல இடங்களில் பரவியிருப்பதை 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரை காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. நொதியின் பெயரில் புது டெல்லி எப்படி வரலாம் என்று நாடு முழுக்கச் சண்டை நடந்தது. அந்தச் சத்தத்தில், அக்கிருமிகளில் பெரும்பாலானவை கொலிஸ்டினுக்கு இன்னும் கட்டுப்படுகின்றன என்று கட்டுரை சொன்ன செய்தி காதில் விழவில்லை. காப்பாற்ற வேண்டிய மருந்து எது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கொலிஸ்டின் பழைய மருந்து. 1940-களின் இறுதியில் ஜப்பானில், ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, நரம்புகளையும் தாக்குகிறது என்பதால் 1970-களில் மருத்துவர்கள் அதை ஓரங்கட்டினார்கள். புதிய மருந்துகள் வரிசையாகத் தோற்க ஆரம்பித்ததும், பக்கவிளைவுகள் தெரிந்தே மறுபடி கையிலெடுத்தார்கள். வேறு வழியில்லை.

மருத்துவமனைகள் மறந்திருந்த காலத்தில் கால்நடைப் பண்ணைகள் அதை மறக்கவில்லை. பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் சிறிதளவு கலந்தால் எடை சீக்கிரம் ஏறும் என்று பல நாடுகளில் கொடுத்தார்கள். நோயே இல்லாத உயிர்களுக்கு, தினமும், குறைந்த அளவில். ஆன்டிபயாடிக்கை இதைவிட மோசமாகப் பயன்படுத்த முடியாது. குறைந்த அளவு மருந்தில் எளிதில் சாகும் பாக்டீரியாக்கள் சாகின்றன; தாங்கிக்கொள்பவை பிழைத்து, காலியான இடத்தில் பெருகுகின்றன. ஆயிரக்கணக்கான கோழிகள் நெருக்கியடிக்கும் கொட்டகையில் இது நாள் முழுக்க நடக்கிறது.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து அந்தச் செய்தி வந்தது. பன்றிகளின் குடல் பாக்டீரியாவில் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்திருந்தார்கள். கொலிஸ்டின் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எதிர்மின்னூட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கிழிக்கும். இந்த மரபணு அந்த மின்னூட்டத்தையே குறைத்துவிடுகிறது; மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. அதைவிடக் கவலை தந்தது, மரபணு இருந்த இடம். பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் அது இருந்தது. பரீட்சை மண்டபத்தில் துண்டுச்சீட்டு கைமாறுவதுபோல, பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து பக்கத்து பாக்டீரியாவுக்குப் போகும், வேறு இனமாக இருந்தாலும். பரிசோதித்த விலங்குகளில் 21 சதவீதத்திலும், கடையில் வாங்கிய இறைச்சி மாதிரிகளில் 15 சதவீதத்திலும், மருத்துவமனை நோயாளிகளில் 1 சதவீதத்திலும் அது இருந்தது. எங்கிருந்து எங்கே போகிறது என்று இந்த எண்களைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

சிக்கன் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். நன்றாக வெந்த கறியில் பாக்டீரியா பிழைக்காது. பச்சைக் கறியைத் தொட்ட கை, வெட்டிய பலகை, வயலில் கொட்டும் கோழி எரு, அதை அடித்துச்செல்லும் மழைநீர் ஆகியவைதான் வழி. கறியே வாங்காத வீட்டுக்கும் அந்த வழியில் கிருமி வந்து சேரும்.

இதற்காகப் பண்ணைக்காரரைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனமே அனுப்புகிறது. அவர் கொட்டகையும் உழைப்பும் கொடுத்து வளர்ப்புக் கூலி வாங்குகிறார். தீவன மூட்டைக்குள் என்ன கலக்கலாம் என்பதை முடிவு செய்வது அவர் இல்லை. ஆகவே சட்டம் பாய வேண்டிய இடம் தயாரிப்பும் விற்பனையும். 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் அதைத்தான் செய்தது: உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எதற்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது.

தடையால் பலன் உண்டா? சீனா 2017-ல் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், பன்றிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியாவில் கொலிஸ்டினை எதிர்ப்பவை 34 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகச் சரிந்தன. அங்கே பரிசோதித்த மனிதர்களில் எம்.சி.ஆர்.-1-ஐக் குடலில் சுமந்தவர்களின் விகிதம் 14.3-லிருந்து 6.3 சதவீதமாக இறங்கியது. இந்த எண்களைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால், எதிர்ப்புத்திறன் வந்துவிட்டால் திரும்பாது என்றே பலரும் நினைக்கிறோம். மருந்தின் நெருக்கடி இல்லாத இடத்தில் அந்த மரபணு பாக்டீரியாவுக்குச் சுமை, சுமக்காதவை முந்திக்கொள்கின்றன.

ஆனால் கொலிஸ்டின் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஆன்டிபயாடிக்கை வைத்தால் கதை முதலிலிருந்து தொடங்கும். தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், காற்றோட்டமான கொட்டகை, ஒரு தொகுதி கோழி போனதும் கிருமிநீக்கம் செய்து சில நாள் காலியாக விடுவது: இவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவை வளர்ப்புக் கூலிக்காரர் தலையில் கட்டாமல் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். தடை காகிதத்தோடு நின்றுவிடாமலிருக்க, தீவன மாதிரிகளைத் தொடர்ந்து பரிசோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும்.

ஆன்டிபயாடிக் கசிவது பண்ணைகளிலிருந்து மட்டும் இல்லை. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில், சுத்திகரித்து வெளியேற்றிய மருந்தாலைக் கழிவுநீரில், நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகமாகச் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததை 2007-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அடுத்த வாரம் அந்த ஆலைகளுக்குப் போவோம்.

(தொடரும்)