வெங்காயம், தக்காளி: வரத்து அறிந்து கொள்முதல் செய்வீர்

மளிகையோடு காய்கறியும் விற்கும் நமது உறுப்பினர்களில் பெரும்பாலோர் அன்றைய மண்டி விலையைக் கேட்டே சரக்கு எடுக்கின்றனர். ஆனால் வந்திருக்கும் சரக்கு எந்த ஊருடையது, எந்தப் போகத்தைச் சேர்ந்தது என்று விசாரிப்பவர்கள் குறைவு. விலை ஏற்றத்தில் கையைச் சுட்டுக்கொள்வதும் பெரும்பாலும் விசாரிக்காதவர்கள்தான்.

பல்லாரி வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். இதன் விலையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது மகாராஷ்டிரத்தின் நாசிக் வட்டாரமாகும். அங்கு மூன்று போகங்கள் உண்டு. அவற்றுள் மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ராபி போகமே பெரியது. மாதக்கணக்கில் தாங்குவதும் அது ஒன்றுதான். காற்றோட்டமான கொட்டகைகளில் இருப்பு வைத்து, அக்டோபர் வரை சிறுகச் சிறுக வெளியே விடுவார்கள். அதன்பின் மழைக்காலப் பயிரான காரிப் வெங்காயம் வரவேண்டும். பழைய இருப்பு வற்றும் நேரத்தில் புதுப்பயிர் மழையில் அடிபட்டால் விலை ஏறத்தான் செய்யும். 1998, 2010, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் வெங்காய விலை எகிறியது எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியானால் செப்டம்பரிலேயே மூட்டை மூட்டையாக அடுக்கலாமே என்று சிலர் கேட்கலாம். கூடாது. விலை ஏறியதும் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடுக்கிறது. 2019 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் அவ்வாறே தடை வந்தது. உத்தரவு வந்த உடனேயே மண்டி விலை சரிந்துவிடும். கடன் வாங்கி அடுக்கியவர் மாட்டிக்கொள்வார். சிறு கடைக்கு ஒரு வார விற்பனைக்கான இருப்பே போதுமானது.

மேலும், பழைய சரக்கையும் புதுச் சரக்கையும் ஒரே விலைக்கு எடுக்கக் கூடாது. கழுத்து சுருங்கி, தோல் சலசலவென்று உலர்ந்திருந்தால் அது தாங்கும். கழுத்து தடித்து ஈரமாயிருந்தால் இரண்டொரு நாளில் தள்ளிவிட வேண்டும். 50 கிலோ மூட்டையை கிலோ 40 ரூபாய் வீதம் 2,000 ரூபாய்க்கு எடுத்ததாகக் கொள்வோம். அழுகலிலும் தோலிலும் 5 கிலோ போனால், மீதி 45 கிலோவின் அடக்கம் கிலோவுக்கு 44 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி தனி. பக்கத்துக் கடைக்காரர் 44க்கு விற்கிறார் என்று நாமும் விற்றால் நட்டம் நம்முடையது!

தக்காளியின் போக்கு வேறு. அதை இருப்பு வைக்க இயலாது. நாற்று விட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். விலை தரைதட்டி, விவசாயி பறிக்கூலிகூடக் கட்டாமல் வயலிலேயே விட்டுவிடும் காலத்தில் புது நடவு குறையும்; மூன்று மாதம் கழித்து வரத்தும் குறையும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அத்தகைய நேரத்தில் நாம் போட்டி போட வேண்டியதில்லை. அன்றாடம் ஒரு பெட்டி எடுத்து, வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பாதபடி பார்த்துக்கொண்டால் போதும். செப்டம்பரில் அதே தக்காளி சீரழிந்தது. மதனப்பள்ளி, கோலார் வரத்தை அவ்வப்போது மண்டிக்காரரிடம் விசாரித்து வந்தால் இத்தகைய சரிவை முன்கூட்டியே ஊகிக்கலாம்.

கடைக்குள் சரக்கை வைக்கும் முறையிலும் கழிவு மிச்சமாகும். பழுத்த வாழையும் தக்காளியும் ஆப்பிளும் ஒருவித வாயுவை வெளிவிடுவதால், அருகிலுள்ள கீரையும் வெள்ளரியும் விரைவில் மஞ்சளிக்கும். உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் வைத்தால் பச்சை நிறம் ஏறும். பச்சை ஏறிய கிழங்கு உடம்புக்கு ஆகாது, பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே சாக்கடுக்கில் போடாதீர்கள். வாழைப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துவிடும். கூடத்தில் கொக்கியில் தொங்கவிடுவதே நல்லது.