பள்ளி வளர்ச்சியில் மாணவர் குரல்

பள்ளியின் வளர்ச்சியைப் பற்றி எண்ணுங்கால் அரசு, ஆசிரியர், பெற்றோர் ஆகிய மூவரையே நாம் நினைவுகூர்கிறோம். நாள்தோறும் அவ்வளாகத்தில் வாழும் மாணவரை மறந்துவிடுகிறோம். குடிநீர்க் குழாய் பழுதுற்றதையும் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாமையையும் முதலில் அறிபவர் அவரேயன்றோ?

இக்கருத்து நமக்குப் புதியதன்று. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. கைத்தொழிலோடு, கூடி வாழும் குடிமைப் பண்பையும் பள்ளியிலேயே பயிற்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். கோவையில் 1930இல் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து இக்கல்விக்கு ஊக்கமளித்தார்.

தம்மைப் பற்றிய செய்திகளில் கருத்துரைக்கும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை 12ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா அதனை 1992இல் ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. எஞ்சிய இடங்களுள் சிலவற்றில் உள்ளூர்க் கல்வியாளரோ அப்பள்ளி மாணவரோ அமர நடுவணரசின் மாதிரி விதிகள் வழிசெய்கின்றன. ஆயினும் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கே உரியது. சிந்தனை முதிரும் வளரிளம் பருவத்தின் பெரும்பகுதி அதன் எல்லைக்கு அப்பால் நிற்கிறது.

குரல் கேட்கப்படாமையின் விலை பெரிது. 2021இன் இறுதியில் கோவை மாணவி ஒருவரின் துயர முடிவு தமிழகத்தை உலுக்கியது. அதன்பின் 'மாணவர் மனசு' என்னும் பெட்டி பள்ளிகளில் வைக்கப்பட்டது. 2024இல் தொடங்கப்பெற்ற 'மகிழ் முற்றம்', ஐந்திணைப் பெயர்களில் மாணவர் குழுக்களை அமைத்தது. இவை நற்றொடக்கங்கள். எனினும், பெட்டியில் இடப்பட்ட தாளுக்கு மறுமொழி வாராவிடில் அடுத்த தாளை எவரும் எழுதார்.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. வகுப்புதோறும் மாணவரும் மாணவியரும் சம அளவில் பேராளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் உரைத்தவை தலைமையாசிரியர் முன்னிலையில் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏற்க இயலாதவற்றுக்குக் காரணம் கூறப்பட வேண்டும். நூலகம், தோட்டம் போன்ற சிறு பணிகளை அவர்களே திட்டமிட்டு நடத்த இடமளிக்க வேண்டும். மாணவரின் பாதுகாப்பு மட்டும் என்றும் பெரியோரின் பொறுப்பேயாகும்.

நம் துறையில் பயில்வோருள் பலர் நாளை ஆசிரியராவர். வகுப்பில் ஒரு கை உயரும்போது பாடத்தைச் சற்றே நிறுத்திச் செவிகொடுப்பாராயின், பள்ளியின் வளர்ச்சி அங்கேயே தொடங்கிவிடும்.