பாதி பெடலில் செத்துப்போகும் அம்பாசடர்: டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்த கதை

போன எபிசோடில் சொன்ன மாதிரி, இன்னைக்கு கோட் இல்லை, கார். எங்க அப்புச்சியோட 1983 அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. அப்புச்சி போன பிறகு பல வருஷமா மாமாவோட நிட்டிங் ஷெட் ஓரத்தில் நின்னுச்சு. திரும்ப ஓட ஆரம்பிச்சதும் ஒரு வியாதி. ஐடிலிங்கில் பூனை மாதிரி இருக்கும். அவினாசி ரோட்டில் ஏறி நாற்பது, ஐம்பதில் நிதானமா போனா வெட்டி வெட்டி இழுக்கும், சில சமயம் அணைஞ்சே போகும். ஒருநாள் அம்மாயி பின்சீட்டில் இருக்க, பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்க, நடுரோட்டில் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அம்மாயி அதில் ஏற மாட்டேன்னுட்டாங்க. மாமா, “ஆடி முடியட்டும், எடைக்குப் போட்டுடலாம்”னு சொல்லிட்டார்.

அதுக்குள்ள மூணு தடவை கார்பரேட்டர் பிரிச்சாச்சு. வெட்டி இழுத்தா பெட்ரோல் வரலைன்னு நினைக்கிறது இயல்புதான். ஆனா ஒரு விஷயத்தை நாங்க யாரும் கவனிக்கலை. பெடலை முழுசா மிதிச்சா வண்டி ஒழுங்கா ஓடுச்சு! பெட்ரோல் பற்றாக்குறைன்னா நிறைய கேட்கும்போதுதானே திணறணும்? பாதி பெடலில் சாகுது, முழுப் பெடலில் பிழைக்குதுன்னா காரணம் வேற.

இங்கே டிஸ்ட்ரிபியூட்டர் என்ன செய்யுதுன்னு கொஞ்சம் பார்க்கணும். நடுவில் ஒரு தண்டு, அதில் நாலு மூலை கொண்ட கேம். அது சுத்தும்போது சிபி பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. சர்க்குலர் நிட்டிங் மெஷினில் கேம்தான் ஊசியை ஏத்தி இறக்குது. அங்கே சிலிண்டரும் ஊசியும் சுத்தும், கேம் நிக்கும். இங்கே கேம் சுத்தும், பாயின்ட் நிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் 12 வோல்ட் கரண்ட் ஓடிக் காந்தப்புலம் உருவாகுது. பாயின்ட் திறந்த நொடியில் அது சரிஞ்சு, காயிலின் இன்னொரு சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எகிறுது. ரோட்டர் அதை வாங்கி, 1-3-4-2 வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கிடுது. இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினா டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி, 1,500 சுத்தும். ஒரு சுத்துக்கு நாலு பொறி, அதாவது செகண்டுக்கு 100 பொறி. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1910 கெடிலாக் கார்களில் வந்த ஏற்பாட்டைத்தான் உத்தரப்பாராவில் செஞ்ச நம்ம அம்பாசடரும் சுமந்துச்சு. எங்க வண்டி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் லூகாஸ் டிவிஎஸ் முத்திரை இருக்கு. 1961ல் தொடங்கின, சென்னை பாடியில் இருக்கிற கம்பெனி.

இப்போ முக்கியமான பகுதி. பாயின்ட் உட்கார்ந்திருக்கிற தட்டு அசையாத தட்டு இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் வட்டமா ஒரு டப்பா இருக்கும், வேக்குவம் யூனிட். கார்பரேட்டரிலிருந்து ஒரு சின்ன டியூப் அதுக்கு வரும். ஐடிலிங்கில் அங்கே உறிஞ்சல் இல்லை. பாதி பெடலில் உறிஞ்சல் அதிகம், தட்டு சில டிகிரி திரும்பி, பொறியை முன்கூட்டியே வரவைக்கும். முழுசா மிதிச்சா உறிஞ்சல் விழுந்துடும், தட்டு பழைய இடத்துக்கு வந்துடும். எங்க வண்டி எப்பல்லாம் செத்துச்சோ, அப்பல்லாம் அந்தத் தட்டு திரும்பியிருந்திருக்கு. லாக் ஃபைலில் ஒரே டைம்ஸ்டாம்ப் ரெண்டு இடத்தில் பார்த்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

டெஸ்ட் எளிமையானது. பாயின்ட் நல்லா மூடியிருக்கிற நிலையில் இன்ஜினை நிறுத்தி, இக்னிஷனை ஆன் பண்ணேன். (ரொம்ப நேரம் ஆன்ல விடாதீங்க, காயில் சூடாகும்.) காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகிற முனையில் டெஸ்ட் லாம்பின் ஒரு முனை, இன்னொண்ணு பாடியில். பாயின்ட் மூடியிருந்தா லாம்ப் எரியக்கூடாது. எரியலை. வேக்குவம் டியூபைக் கார்பரேட்டர் பக்கம் கழட்டி வாயால் உறிஞ்சினேன். தட்டு திரும்புச்சு, பாயின்ட் இன்னும் மூடித்தான் இருக்கு, ஆனா லாம்ப் எரியுது! எங்கேயோ சர்க்யூட் அறுந்திருக்கு.

சந்தேகம் ரெண்டு ஒயர் மேல. ஒண்ணு தட்டை எர்த் பண்ற ஒயர், இன்னொண்ணு உள்ளே பாயின்ட்டுக்கு வர்ற ஒயர். தட்டுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயரை அழுத்திப் பிடிச்சேன். லாம்ப் அப்படியே எரிஞ்சுச்சு. அப்போ எர்த் நல்லா இருக்கு, குற்றவாளி இன்னொண்ணு. வெளியே பார்த்தா முழுசா இருக்கு, இன்சுலேஷனுக்குள்ள செப்பு இழைகள் அறுந்து போயிருக்கு. மூணு சென்டிமீட்டர்கூட இருக்காது, அதுக்காகத்தான் கார் எடைக்குப் போக இருந்துச்சு.

ஒயரை மட்டும் மாத்தியிருக்கலாம். ஆனா கேப்பைத் திறந்ததும் எண்ணெயில் ஊறின பஞ்சுத்தூசி, ஷெட்டோட ஞாபகார்த்தம். ரோட்டர் தண்டைப் பிடிச்சு ஆட்டினா ஆடுச்சு. முழுசா வெளியே எடுக்கலாம்னு முடிவு பண்ணேன். எடுக்கும் முன்னால் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்குது, பாடி எந்தக் கோணத்தில் இருக்குன்னு பெயின்ட்டில் குறி போடுங்க, போட்டோவும் எடுங்க. எடுத்த பிறகு இன்ஜினைச் சுத்தாதீங்க. அடியில் இருக்கிற நாக்கு மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கு, அதனால் திரும்ப ஒரே ஒரு விதமாத்தான் உட்காரும். அதை வடிவமைச்சவருக்கு ஒரு கும்பிடு.

தட்டுக்குக் கீழே ரெண்டு எடைக்கட்டி, ரெண்டு ஸ்பிரிங். வேகம் கூடக்கூட எடை வெளியே விரிஞ்சு பொறியை முன்னால் தள்ளும். எங்களுது காய்ஞ்ச கிரீஸில் ஒட்டிப் போயிருந்துச்சு. மண்ணெண்ணெயில் கழுவினேன். ரெண்டு ஸ்பிரிங்கும் வேற வேற கனம், எது எங்கே இருந்துச்சுன்னு குறிச்சு வைங்க, இழுத்துப் பார்க்காதீங்க. தேய்ஞ்ச புஷ்ஷை மாத்தினோம். புது புஷ் நுண்துளை உள்ளது, ஒருநாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறணும். அவசரப்பட்டா சீக்கிரமே தேயும்.

ஒயர் விஷயத்தில் நானே ஒரு தப்பு பண்ணேன். கையில் கிடைச்ச ஹெட்லைட் ஒயரைப் போட்டேன். கனம் அதிகம், தட்டு திரும்பவே இல்லை. மெக்கானிக் அண்ணன் சிரிச்சுட்டு, “ஏனுங் தம்பி, கயிறு கட்டி வச்சிருக்கீங்களா?”ன்னார். பழைய டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மெல்லிய இழை ஒயர் ஒண்ணு அவர்தான் எடுத்துக் கொடுத்தார். ரெண்டாவது தப்பு, பாயின்ட் முனையில் பிளாஸ்டிக் வாஷரை வரிசை மாத்திப் போட்டது. பாயின்ட் நிரந்தரமா எர்த் ஆகி, பொறியே வரலை. அரைநாள் போச்சு.

பாயின்ட் கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேம் முனை பாயின்ட்டை முழுசாத் திறந்த இடத்தில் ஃபீலர் கேஜ் வைக்கணும். கேமில் துளி கிரீஸ் போதும், நிறைய வச்சா பாயின்ட்டில் தெறிச்சுக் கருகும். கண்டன்சர் நல்லா இருந்துச்சு, மாத்தலை. ஒரே நேரத்தில் எல்லாத்தையும் மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது. புதுசா வாங்கினதே கெட்டதா இருந்தா இன்னும் குழப்பம்.

நிறைய பேர் எலக்ட்ரானிக் கிட் போடச் சொன்னாங்க. தப்பில்லை. ஆனா பாயின்ட் பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் சாகும், மாட்யூல் சொல்லாம சாகும். டேஷ்போர்டில் ஒரு பாயின்ட் செட், ஒரு கண்டன்சர், ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தா ஊத்துக்குளி தாண்டி நின்னாலும் வீடு வந்துடலாம்.

டைமிங் வச்சு, முதல் ஓட்டத்துக்கு மாமாவையே ஓட்டச் சொன்னேன். பெருந்துறை வரைக்கும் பாதி பெடலில், வேணும்னே, ஐம்பதைத் தாண்டாம ஓட்டினார். ஒரு வெட்டுகூட இல்லை. திரும்பி வரும்போது கேட்டார், “அப்போ மூணு தடவை கார்பரேட்டருக்குக் கொடுத்த காசு?” அம்மாயி வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. ஏறலை. முன்கதவைத் திறந்து உள்ளே பார்த்துட்டு, “சீட்டுக்கு உறை மாத்தோணும்”னு மட்டும் சொன்னாங்க.