எண் தெரிகிறது, ஆள் தெரியவில்லை

அழைப்பது யார் என்று சொல்ல வேண்டிய காலர் ஐடி, வங்கி, மருத்துவமனை, கடை என்று வந்தால் திணறிவிடுகிறது. பெயரையும் காட்டும் புதிய ஏற்பாடு இந்தச் சிக்கலில் பாதியைத்தான் தீர்க்கும்.

காலை பதினொரு மணி. ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஊழியர் ஒருவர் நோயாளியின் செல்போனுக்குப் போன் செய்கிறார். சர்க்கரை அளவு கவலைப்படும்படி இருக்கிறது. உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நோயாளியின் திரையில் தெரிவதோ முன்பின் தெரியாத ஓர் எண். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று அன்று காலையிலிருந்து மூன்று பேர் தொல்லை கொடுத்தாகிவிட்டது. அவர் போனை எடுக்கவில்லை. அதே நேரத்தில் வேறொரு வீட்டில் இன்னொரு போன் ஒலிக்கிறது. திரையில் வங்கியின் பெயர். வீட்டுப் பெரியவர் நம்பி எடுக்கிறார். பேசுவது வங்கி அல்ல.

இந்தியாவின் எந்த ஊரிலும், எந்த நாளிலும் நடக்கக்கூடிய காட்சிகள் இவை. எடுத்திருக்க வேண்டிய அழைப்பு வீணாகிறது. எடுக்கக் கூடாத அழைப்பு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: காலர் ஐடி சொல்லாத ஒன்றை அது சொல்வதாக நாம் நம்புகிறோம். எந்த இணைப்பிலிருந்து அழைப்பு வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த இணைப்பில் பேசுவது யார் என்பதை அது ஒருபோதும் சொன்னதில்லை. தனி மனிதர்களைப் பொறுத்தவரை இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்துவிடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. வியாபாரத் தொலைபேசிகளில்தான் குட்டு வெளிப்படுகிறது.

எண் வரும் வழி

பழைய ஸ்ட்ரௌஜர் வகைத் தொலைபேசி நிலையங்களுக்கு, அழைப்பவரின் எண்ணை மறுமுனைக்குச் சொல்லும் வழியே கிடையாது. டயல் சுழலச் சுழல இயந்திரம் படிப்படியாக நகர்ந்து மறுமுனையில் மணியடிக்கும், அவ்வளவுதான். மிரட்டல் போன் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, அழைப்பு துண்டிக்கப்படும் முன் நிலையத்து ஊழியர்கள் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

மின்னணு நிலையங்கள் வந்தபோது நிலைமை மாறியது. குரல் போகும் பாதை வேறு, நிலையங்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் பாதை வேறு என்று பிரிக்கப்பட்டது. 'ஏழாம் எண் சமிக்ஞை முறை' என்பது இந்த இரண்டாவது பாதைக்கான உலகப் பொது ஏற்பாடு. நீங்கள் எண்ணை அழுத்தியதும், உங்கள் நிலையம் மறுமுனை நிலையத்துக்கு ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. யாருக்கு அழைப்பு, யாரிடமிருந்து அழைப்பு என்ற இரண்டும் அதில் இருக்கும். எண்ணைக் காட்டலாமா, மறைக்க வேண்டுமா என்ற குறிப்பும் கூடவே போகும். தரைவழித் தொலைபேசியாக இருந்தால், மணி அடிப்பதற்குச் சற்று முன்போ அல்லது முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவிலோ இந்த எண் ஒலிக் குறிகளாகக் கம்பி வழியே வந்து சேரும். செல்போனாக இருந்தால், 'உனக்கு அழைப்பு' என்று கோபுரம் அனுப்பும் செய்தியிலேயே எண்ணும் அடங்கிவிடும்.

இந்தியாவில் செல்போன் சேவை 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்த அந்த நாட்களில், எடுக்கும் முன் யார் என்று தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும் சமாசாரம். எண்ணைக் காட்டுவதற்கே தனிக் கட்டணம் வசூலித்த காலமும் உண்டு. பிறகு இந்தியர்கள் அதை வைத்து ஒரு மொழியையே உருவாக்கினார்கள்: மிஸ்டு கால். பைசா செலவில்லாமல் 'வந்துவிட்டேன்' என்று சொல்லவும், 'திருப்பிக் கூப்பிடு' என்று கேட்கவும் எண் மட்டுமே போதுமானதாக இருந்தது. இதையே தொழிலாக்கிய பெங்களூரின் ஜிப்டயல் நிறுவனத்தை 2015-ல் ட்விட்டர் விலைக்கு வாங்கியது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு நிலையம் தரும் எண்ணை அடுத்த நிலையம் அப்படியே ஏற்றுக்கொள்ளும். தொலைபேசி நிறுவனங்கள் ஒரு கை விரலில் எண்ணக்கூடிய அளவே இருந்தபோது அதில் ஆபத்தில்லை.

பெயர் யார் கொடுத்தது?

திரையில் 'அண்ணன்', 'பால்காரர்' என்று பெயர் வருகிறதே என்று கேட்கலாம். அது வெளியிலிருந்து வருவதல்ல. வந்த எண்ணை உங்கள் செல்போன் தன் முகவரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, நீங்கள் எழுதி வைத்த பெயரையே உங்களுக்குத் திருப்பிக் காட்டுகிறது. பட்டியலில் இல்லாதவர் வெறும் எண்தான்.

இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் ட்ரூகாலர். 2009-ல் ஸ்வீடனில் தொடங்கப்பட்ட இந்தச் செயலிக்கு இந்தியாதான் மிகப் பெரிய சந்தை. பயன்படுத்துவோர் தரும் பெயர்களையும் புகார்களையும் திரட்டி அது பட்டியல் தயாரிக்கிறது. ஊர் சொல்வதைத் தொகுப்பது அதன் பலம், பலவீனமும் அதுவே. கோபத்தில் பத்துப் பேர் 'தொல்லை' என்று குறித்தால், நியாயமான மருத்துவமனையின் எண்ணும் சிவப்பு நிறத்தில் எரியும். மோசடிக்காரன் தனக்கு ஒரு வங்கியின் பெயரைச் சூட்டிக்கொள்ள முயலலாம். கைவிடப்பட்ட செல்போன் எண் 90 நாள் இடைவெளிக்குப் பின் இன்னொருவருக்குக் கொடுக்கப்படும்போது, பழைய சொந்தக்காரரின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டே வரலாம்.

ஒரு கம்பெனி, பல எண்கள்

வியாபார நிறுவனத்தில் எண் என்பது ஆளுக்குச் சொந்தமானதல்ல. ஓரளவு பெரிய அலுவலகம் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து 'பி.ஆர்.ஐ.' எனப்படும் இணைப்பை வாங்குகிறது. ஒரே கம்பியில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். உள்ளே நூறு மேஜைகள் இருக்கும். கணக்குப் பிரிவு பேசினாலும், காவலாளி பேசினாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் அலுவலகத்தின் பொது எண்தான். திருப்பி அழைத்தால், 'விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்' என்ற பதிவுக் குரல் வரவேற்கும். உங்களைத் தேடியவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

1800 என்று தொடங்கும் இலவச எண்களின் கதை இன்னும் விசித்திரமானது. அது உண்மையில் ஒரு தொலைபேசி இணைப்பே அல்ல. ஒரு முகவரிப் பலகை. அந்த எண்ணை அழுத்தினால், வலையமைப்பு அதற்குப் பின்னால் இருக்கும் சாதாரண எண்ணுக்கு அழைப்பைத் திருப்பிவிடும். வருவதற்கு மட்டுமே உள்ள வாசல் அது. வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணிலிருந்தே வங்கி நம்மைக் கூப்பிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது கூப்பிடுவதோ வேறு ஏதோ எண்ணிலிருந்து. மனப்பாடம் செய்த எண்ணே பயன்படாமல் போகிறது.

கூரியர்காரர், காப்பீட்டு முகவர், கடன் வசூலிப்பவர் ஆகியோர் பல நேரம் சொந்த செல்போனிலிருந்து கூப்பிடுகிறார்கள். நிறுவனத்தின் பெயருக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டாக்ஸி, உணவுச் செயலிகளோ இருதரப்பு எண்களையும் மறைத்து, நடுவில் ஒரு தற்காலிக எண்ணைப் போடுகின்றன. வாடிக்கையாளரின் அந்தரங்கத்துக்கு அது நல்லது. ஆனால் சவாரி முடிந்த பிறகு அந்த எண்ணைக் கூப்பிட்டால், காரில் விட்டுவந்த குடையைப் பற்றிக் கேட்க அங்கே ஆள் இருக்கமாட்டார்.

எண்ணே பொய் சொன்னால்?

இதுவரை சொன்னவை நேர்மையான எண்களின் தொல்லை. இணையம் வழியே பேசும் வசதி வந்தபின் பொய்யான எண்களும் சேர்ந்துகொண்டன. அங்கே அழைப்பவரின் எண் என்பது கணினியில் தட்டச்சு செய்யும் ஒரு வரி. வழியில் ஏதாவது ஒரு நிறுவனம் சரிபார்க்காமல் விட்டுவிட்டால், எழுதியது எழுதியபடியே உங்கள் திரைக்கு வந்துவிடும். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு '+91' என்று தொடங்கும் எண்ணைக் காட்டுவது இப்படித்தான்.

இதைத் தடுக்கும் மத்திய ஏற்பாடு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணோடு ஓர் அழைப்பு வந்தால், அந்தச் சந்தாதாரர் உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கிறாரா என்று அது பார்க்கும். முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி போலி அழைப்புகள் பிடிபட்டதாக அரசு அறிவித்தது. அப்படி வந்த அழைப்புகளில் இவை 90 சதவீதம். அடையாள எண்ணைத் திரிப்பவருக்கு 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை, 50 லட்ச ரூபாய் வரை அபராதம் என்று சொல்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 2021 ஜூன் முதல், தங்கள் வழியே போகும் இணைய அழைப்புகளுக்கு மின்னணுக் கையெழுத்து போட வேண்டும். வாடிக்கையாளரையும் தெரியும், எண் அவருடையது என்பதும் தெரியும் என்றால் முதல் தரச் சான்று. ஆனால் அங்கும் இடிபடுவது வியாபாரிகள்தான். ஓரிடத்தில் எண்ணை வாங்கி வேறொரு நிறுவனம் வழியே பேசும் அலுவலகத்துக்கு இரண்டாம் தரச் சான்று கிடைத்துவிடக்கூடும். அந்நாட்டுத் தரைவழி போன்களில் பெயரைக் காட்டும் பழைய ஏற்பாட்டுக்கோ 15 எழுத்துதான் எல்லை. நீளமான கம்பெனிப் பெயர்கள் பாதியில் அறுந்து நிற்கும்.

அரசு தரும் அடையாளம்

இந்தியாவின் பதில் இரண்டு வகை. முதலாவது, எண்ணின் தொடக்கத்தையே அடையாளமாக்குவது. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்ற தொடர் ஒதுக்கப்பட்டது. வாடிக்கையாளரின் கணக்கு, சேவை சம்பந்தமான அழைப்புகளுக்காக 2024-ல் 160 தொடர் வந்தது. இத்தகைய அழைப்புகளுக்கு 1600 எண்களையே பயன்படுத்துமாறு 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. வணிக வங்கிகள் 2026 ஜனவரி 1-க்குள் மாற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கெடு வைத்தது. சாமானியரும் நினைவில் வைக்கக்கூடிய எளிய விதி இது. ஆனால் இது வங்கி, நிதி நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள் போன்றவற்றுக்குத்தான். பரிசோதனை நிலையமும் பள்ளிக்கூடமும் தையல் கடையும் இந்தப் பந்தியில் இல்லை.

இரண்டாவது, பெயரையே காட்டும் 'சி.என்.ஏ.பி.' திட்டம். 2024 பிப்ரவரியில் டிராய் இதைப் பரிந்துரைத்தது. பெயர், சிம் வாங்கும்போது பூர்த்தி செய்த விண்ணப்பத்திலிருந்து எடுக்கப்படும். கேட்பவருக்கு மட்டும் இந்த வசதி என்பது முதல் யோசனை. எல்லோருக்கும் தானாகவே கிடைக்கட்டும், வேண்டாதவர் விலகிக்கொள்ளட்டும் என்று தொலைத்தொடர்புத் துறை சொன்னதை 2025 அக்டோபரில் டிராய் ஏற்றுக்கொண்டது.

ஊர் வைத்த பெயரைவிடச் சான்றிதழ் பார்த்து எழுதிய பெயர் நம்பகமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது சிம் வாங்கியவரின் பெயர். மளிகைக் கடையின் போன் முதலாளியின் மைத்துனர் பெயரில் இருக்கும். கிளினிக்கின் போன் என்றோ வேலையை விட்டுப்போன கம்பவுண்டர் பெயரில் இருக்கும். வாடிக்கையாளருக்குக் கடைப் பெயர் தெரியும், மைத்துனரைத் தெரியாது. பெயர் வந்த பிறகும் அது அந்நியரின் அழைப்பாகவே இருக்கும். இதற்கு டிராய் ஒரு வழி வைத்திருக்கிறது: மொத்தமாக இணைப்பு வாங்குவோரும் வியாபார இணைப்பு வைத்திருப்போரும், பதிவு செய்த வணிக முத்திரைப் பெயர் அல்லது ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள கடைப் பெயர் போன்றவற்றைக் காட்டச் சொல்லலாம். ஜி.எஸ்.டி. பதிவும் வியாபார இணைப்பும் இல்லாத சின்னக் கடைக்காரர்தான் வெளியே நிற்கிறார்.

தொழில்நுட்பம் போடும் கோடும் இருக்கிறது. திட்டம் 4ஜி, 5ஜி வலையமைப்புகளை மனதில் வைத்து முதலில் வருகிறது. பழைய 2ஜி பட்டன் போன் வைத்திருப்பவர் காத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் அழைப்புகள் இந்த வலைக்குள்ளேயே வருவதில்லை. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் கும்பல்கள் விரும்பும் வழியோ அதுதான்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

வியாபாரிகள் முதலில் பார்க்க வேண்டியது, தங்கள் போன் யார் பெயரில் இருக்கிறது என்பதை. கடையின் எண்ணைக் கடையின் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது. வாடிக்கையாளரைக் கூப்பிடும் எண் எது என்பதை ரசீதிலேயே அச்சிடலாம். கூப்பிடும் முன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். பரிசோதனை நிலையம் மாதிரி எடுக்கும்போதே 'இந்த எண்ணிலிருந்து பேசுவோம்' என்று சொல்லி, அதை நோயாளியின் போனில் பதிந்து கொடுத்தால் பாதி அழைப்புகள் வீணாகாது. அதற்குச் செலவே கிடையாது.

வாசகர்களுக்கு விதி இன்னும் சுருக்கமானது. திரையில் வரும் பெயரும் எண்ணும் கதவைத் தட்டும் சத்தம்தானே தவிர, அடையாள அட்டை அல்ல. பணம், ஓ.டி.பி., கைது என்ற பேச்சு வந்தால் போனை வைத்துவிட்டு, அட்டையிலோ பாஸ்புத்தகத்திலோ உள்ள எண்ணை நீங்களே அழுத்துங்கள். உள்ளே வரும் அழைப்பில் பொய் எண் காட்டுவது சுலபம். நீங்கள் தேடிப் போகும் எண்ணில் ஏமாற்றுவது கடினம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள். பணம் போகவில்லை, சந்தேகம்தான் என்றால் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம்.

எண்ணும் பெயரும் திரைக்கு வந்துவிட்டாலும், பேசும் குரல் யாருடையது என்று எந்தத் திரையும் சொல்லப் போவதில்லை. அதை விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வேலை, ஸ்ட்ரௌஜர் காலத்தைப் போலவே, இன்றும் போனை எடுப்பவரிடம்தான் இருக்கிறது.