பெருமூளைப் புறணியில் நரம்பணு ஒத்தியக்கம்

நரம்பணு ஒத்தியக்கம் என்பது பெருமூளைப் புறணியில் உள்ள நரம்பணுக்கள் தம் மின் துடிப்புகளை ஒரே தாளத்தில் வெளியிடுவதைக் குறிக்கும். மனிதரின் பெருமூளைப் புறணியில் ஏறத்தாழ 1,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை அனைத்துக்கும் ஆணையிடும் தலைமை அணு எதுவும் இல்லை. அவை தமக்குள் தொடர்புகொண்டே ஒழுங்கை உருவாக்குகின்றன.

கண்டறிதல்

செருமனியின் யேனா நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1929-இல் அதை வெளியிட்டார். ஒருவர் கண்களை மூடி ஓய்வாக இருக்கும்போது நொடிக்குச் சுமார் 10 முறை எழும் அலை தோன்றியது. கண் திறந்ததும் அது தணிந்தது. இதுவே ஆல்பா அலை. ஒற்றை நரம்பணுவின் மின்னழுத்தம் தலையோட்டைத் தாண்டி அளவிட முடியாத அளவு சிறியது. எனவே, பதிவில் அலை தெரிகிறது என்றால் மிகப் பல நரம்பணுக்கள் சேர்ந்து இயங்குகின்றன என்று பொருள்.

தாளம் உருவாகும் விதம்

புறணியில் இருவகை நரம்பணுக்கள் உள்ளன. கூம்பு வடிவ நரம்பணுக்கள் குளூட்டமேட்டைச் சுரந்து மற்றவற்றைத் தூண்டுகின்றன. எண்ணிக்கையில் குறைந்த வேறு சில, காபா என்னும் பொருளைச் சுரந்து அடக்குகின்றன. தூண்டும் அணுக்கள் துடிக்கும்போது அடக்கும் அணுக்களும் தூண்டப்படுகின்றன. உடனே அவை சுற்றியுள்ள அணுக்களைச் சில மில்லி நொடிகள் அமைதிப்படுத்துகின்றன. அடக்கம் விலகியதும் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மீண்டும் துடிக்கின்றன. இச்சுழற்சியே நொடிக்கு 30 முதல் 80 வரையிலான காமா அலைகளுக்கு முக்கியக் காரணம்.

தொலைவில் உள்ள பகுதிகள்

1989-இல் சார்ல்ஸ் கிரே, வுல்ஃப் சிங்கர் ஆகியோரின் குழு பூனையின் பார்வைப் புறணியை ஆராய்ந்தது. நீண்ட ஒளிக்கோடு ஒன்று நகர்ந்தபோது, சில மில்லி மீட்டர் தள்ளியிருந்த நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் துடித்தன. இரு கோடுகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தபோது அந்த ஒற்றுமை மறைந்தது. ஒரே பொருளின் பகுதிகளை மூளை இவ்வாறு இணைத்து உணரக்கூடும் எனச் சிலர் கருதுகின்றனர். இது மூளைச் செயலின் பக்கவிளைவே என்போரும் உண்டு.

அளவு மீறினால்

ஒத்தியக்கம் மிகுவதும் தீங்கே. சிறுவர்க்கு வரும் ஒருவகை வலிப்பில், புறணியும் தலாமசும் நொடிக்குச் சுமார் 3 முறை ஒருசேரத் துடிக்கின்றன. கைகால் வெட்டி இழுக்காது. குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்க்கும், அழைத்தால் பதில் தராது. பின் எதுவும் நடவாதது போலத் தன் வேலையைத் தொடரும். வகுப்பறையில் இதைக் கவனமின்மை என எண்ணித் தண்டிப்பது தவறு. மூளை மின்னலைப் பதிவின் மூலம் இதை அறியலாம். பெரும்பாலோர்க்கு மருந்தால் கட்டுப்படுத்தலாம்.